4 ஹெக்டேர் சரிவு நிலம்: குட்டை, பயிர், மரம், மாடு, நடைபாதை. எதை முதலில் முடிவு செய்வது?

மேட்டுநிலம் எழுதியது:

வணக்கம். திட்டமிட வேண்டிய நிலம் 4 ஹெக்டேர். மேலிருந்து கீழே 250 மீட்டர், குறுக்கே 160 மீட்டர். சரிவு ஏறக்குறைய சீராக 3 சதவீதம், அதாவது மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் 7.5 மீட்டர் உயர வித்தியாசம். மேலே ஒரு மண்பாதை குறுக்கே ஓடுவதால் வெளிநீர் உள்ளே வருவதில்லை. களி கலந்த வண்டல் மண், காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஆண்டு மழை 800 மி.மீ. அதில் பாதிக்கு மேல் மூன்று மாதத்தில் கொட்டிவிடும். அதன்பின் 120 நாள் வரை மழையே இருக்காது.

இந்த நிலத்தில் மானாவாரிப் பயிர், மரம், நான்கு மாடுகளுக்கு மேய்ச்சல், ஒரு பண்ணைக்குட்டை, பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் ஒதுக்கிய இடம், குடியிருப்பு மக்கள் நடக்க ஒரு பாதை, இத்தனையும் வேண்டும். தனித்தனித் துண்டாகப் பிரித்தால் எதற்கும் போதிய பரப்பு கிடைக்கவில்லை. ஒன்றோடொன்று கலந்தால் எது எதைக் கெடுக்கும் என்று பிடிபடவில்லை. 30 ஆண்டுக்குத் தாங்கும் திட்டம் தேவை. காகிதத்தில் முதல் கோடு எதற்கு? குட்டை எங்கே, எவ்வளவு பெரியதாக? மரங்களைக் குட்டைக் கரையில் வைக்கலாமா? நடைபாதையை வரப்பின் மேலேயே கொண்டுபோனால் இடம் மிச்சமாகுமே, அது சரியா?

வாய்க்கால் எழுதியது:

முதல் கோடு தண்ணீருக்கு, இரண்டாவது பாதைக்கு, மூன்றாவதுதான் மரத்துக்கு. ஆஸ்திரேலியாவின் பண்ணைத் திட்ட வல்லுநர் பி. ஏ. யோமன்ஸ் 1950களில் ஒரு வரிசை வகுத்தார்: தட்பவெப்பம், நில அமைப்பு, நீர், பாதை, மரம், கட்டடம், உள்வேலி, மண். முன்னால் இருப்பதைப் பின்னாளில் மாற்றுவது கடினம், பின்னால் இருப்பதை மாற்றுவது எளிது. மண் கடைசியில் வருவதைப் பார்த்து அது முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில ஆண்டு உழைப்பில் மண்ணைத் தேற்றிவிடலாம், தப்பான இடத்தில் வெட்டிய குட்டையை நகர்த்த முடியாது. பல பயன் நிலங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாவதால்தான். முதலில் வேலி போட்டு, மரம் நட்டு, அப்புறம் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள்.

முதலில் மட்டம் எடுங்கள். 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்தால் நூற்றுச் சொச்சம் புள்ளிகள் வரும். டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய நீளமான தெளிந்த குழாய் போதும். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் அளவு பிசகும் என்பதால், பத்துப் புள்ளிக்கு ஒரு முறை இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வரப்பு. வெடிக்கும் மண்ணில் முழுச் சமமட்ட வரப்பு போடாதீர்கள். மழைக்காலத்தில் வரப்பு ஓரம் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கோடையில் வரப்பே வெடித்து, அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாக உடையும். 0.3 சதவீத வாட்டம் கொடுத்த வரப்புதான் இங்கே பொருந்தும். 160 மீட்டர் நீளத்துக்கு 48 செ.மீ. இறக்கம். நீர் நடந்துபோகும் வேகத்தில் ஒரு பக்கமாக வடியும், வழியிலேயே கொஞ்சம் மண்ணில் இறங்கும்.

இடைவெளிக்கு வழக்கமான சூத்திரம்: சரிவு சதவீதத்தை 3 ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3 ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 0.9 மீட்டர் உயர இடைவெளி வருகிறது. தரையில் அது 30 மீட்டர். ஆக 7 வரப்பு, நடுவில் 8 பட்டைகள். வரப்பின் அடி 2 மீட்டர், தலை அரை மீட்டர், உயரம் 60 செ.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு முக்கால் கன மீட்டர் மண் தேவை. அடித்து இறுக்கினாலும் புது மண் 5 முதல் 10 சதவீதம் அமுங்கும், அதைச் சேர்த்தே உயர்த்துங்கள்.

எல்லா வரப்பும் வடிந்து சேர ஒரு பக்கத்தில் புல் வாய்க்கால் வேண்டும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை அடித்து, அதில் 40 சதவீதம் ஓடினால், 4 ஹெக்டேரிலிருந்து நொடிக்கு சுமார் 440 லிட்டர் வரும். அடி அகலம் 3 மீட்டர், ஆழம் 30 செ.மீ. வைத்தால் அந்த நீர் 15 செ.மீ.க்கும் குறைவான கனத்தில், நொடிக்கு 1.1 மீட்டர் வேகத்தில் போகும். நன்றாக வேர்பிடித்த புல் 1.5 மீட்டர் வேகம் வரை தாங்கும். புல் இல்லாத வெறும் மண் தாங்காது. அதனால் ஒரு முழு மழைக்காலத்துக்கு முன்பே வாய்க்காலை வெட்டிப் புல் பிடிக்க விட்டு, அதன்பிறகே வரப்புகளை அதில் சேர்க்க வேண்டும். வரப்பையும் வாய்க்காலையும் ஒரே மாதத்தில் முடித்தால், முதல் பெருமழையிலேயே வாய்க்கால் ஓடையாக அரித்துவிடும்.

அளவுகோல் எழுதியது:

குட்டையின் கணக்கைப் பார்ப்போம். எல்லோரும் அடிமட்ட மூலையில் வெட்டத்தான் ஆசைப்படுவார்கள், அங்கேதான் நீர் அதிகம் சேரும். ஆனால் அங்கே சேர்ந்த நீரை மேலே ஏற்றக் காலம் முழுக்க பம்ப் ஓட வேண்டும். கீழ் எல்லையிலிருந்து 80 மீட்டர் மேலே, வாய்க்காலை ஒட்டி வையுங்கள். வாய்க்காலுக்குள்ளேயே வேண்டாம். அப்போது மேலே 2.7 ஹெக்டேர் நீர்பிடிப்பு மிஞ்சும்.

மேல்வாய் 20க்கு 20 மீட்டர், பக்கச் சரிவு 1.5க்கு 1, ஆழம் 3 மீட்டர் என்றால் அடித்தளம் 11க்கு 11. மேல் பரப்பு 400, நடுப் பரப்பு 240, அடிப் பரப்பு 121 சதுர மீட்டர். மேலையும் அடியையும் கூட்டி, நடுவின் நான்கு மடங்கைச் சேர்த்து, 6 ஆல் வகுத்து, ஆழத்தால் பெருக்கினால் சுமார் 740 கன மீட்டர். 50 மி.மீ. மழை ஒன்று 40 சதவீதம் ஓடினால் 540 கன மீட்டர் வரும், அதாவது இரண்டு நல்ல மழையில் குட்டை நிரம்பிவிடும். ஆனால் இந்த 40 சதவீதம் மண் ஏற்கெனவே நனைந்திருக்கும்போதுதான். பருவத்தின் முதல் மழையை வெடிப்புகளே குடித்துவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நீர் செலவாகும் பக்கம் இன்னும் முக்கியம். ஆவியாவது நாளுக்கு 5 மி.மீ., கசிவு இன்னொரு 5 மி.மீ. என்று வைத்தால், 120 நாளில் 1.2 மீட்டர் கனம் நீர் போகும். மட்டம் இறங்க இறங்கப் பரப்பும் குறைவதால் சராசரி 300 சதுர மீட்டர் எனக் கொண்டால் 360 கன மீட்டர். குட்டையில் கிட்டத்தட்ட பாதி! கசிவை இந்த அளவில் நிறுத்துவதற்கே அடித்தளக் களியை 15 செ.மீ. கனமாக இரண்டு அடுக்கு போட்டு, ஈரப்பதத்தோடு இடித்து இறுக்க வேண்டும். 200 இளங்கன்றுகளுக்கு வாரம் 20 லிட்டர் வீதம் 17 வாரத்துக்கு 70 கன மீட்டர். அடியில் மீனுக்கும் தவளைக்கும் தொடாமல் விட வேண்டிய கடைசி அரை மீட்டர் இன்னொரு 70. மாடுகளின் குடிநீர் அற்பம், ஒரு மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர்தான்.

மிஞ்சுவது 230 கன மீட்டர் அளவு. இதை வைத்து அரை ஹெக்டேருக்கு 40 மி.மீ. கனத்தில் ஒரே ஒரு நனைப்பு கொடுக்கலாம். 4 ஹெக்டேருக்கும் பாசனம் என்று யாராவது வரைபடம் போட்டுக் கொடுத்தால் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

அந்த ஒரு நனைப்பையும் மழை விட்ட முதல் சில வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சேமித்து வைத்திருந்தால் வெயில் எடுத்துக்கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. குட்டையில் 1.5 மீட்டர் ஆழத்தில் ஒரு குழாய் வைத்தால், 3 சதவீதச் சரிவில் 50 மீட்டர் கீழே அது தரைமட்டத்துக்கு வந்துவிடும். அதற்குக் கீழே உள்ள 30 மீட்டர் பட்டை, கிட்டத்தட்ட அரை ஹெக்டேர், பம்ப் இல்லாமல் பாயும். குட்டை நிறைந்திருக்கும்போது அந்தக் குழாய்க்கு மேல் 475 கன மீட்டர் நிற்கும். தாமதித்தால் மட்டம் குழாய்க்குக் கீழே போய்விடும்.

குழாய் போகும் இடத்தில் கரை வழியாகக் கசிவு வரும் ஆபத்து உண்டு. குழாயைச் சுற்றி இரண்டு இடத்திலாவது கான்கிரீட் கழுத்துப்பட்டை போட்டு, மண்ணைக் கையால் இடித்து நிரப்புங்கள். குட்டைக்குள் நீர் நுழையும் வாயிலுக்கு முன் 2க்கு 2 மீட்டரில், 1 மீட்டர் ஆழ வண்டல் குழி வேண்டும், அதை ஆண்டுதோறும் வாரிப் பயிர்ப்பட்டையில் போடலாம். மிகைநீர் வெளியேறும் கலிங்கு 3 மீட்டர் அகலம். 100 மி.மீ. மழைவேகத்திலும் அதன்மேல் 15 செ.மீ.தான் நீர் போகும். கரையின் தலை அந்த நீர்மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் நிற்க வேண்டும். கலிங்கைக் கொட்டிய மண்ணில் அமைக்காதீர்கள், வெட்டாத கெட்டித் தரையில் அமையுங்கள்.

புல்வெளி எழுதியது:

நான்கு மாடு என்ற எண்ணை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். 400 கிலோ எடையுள்ள மாடு நாளைக்கு 10 முதல் 12 கிலோ காய்ந்த தீவனத்துக்கு ஈடானதைத் தின்னும். நான்கு மாட்டுக்கு ஆண்டுக்கு 16 டன். மானாவாரிப் புல் ஹெக்டேருக்கு 5 டன் விளைந்தாலும், பாதியை மேயவிட்டுப் பாதியைத் தரையில் விட்டால்தான் புல் மறுபடி எழும். அப்படியானால் நான்கு மாட்டுக்கு 6 ஹெக்டேருக்கு மேல் மேய்ச்சல் வேண்டும். உங்கள் மொத்த நிலமே 4.

இரண்டு மாடு என்றால் பொருந்தும். எட்டுப் பட்டைகளில் மூன்றைப் புல்லுக்கும் ஐந்தைப் பயிருக்கும் விடுங்கள். வரப்புக்கும் மரத்துக்கும் 3 மீட்டர் போனால் பட்டையின் அகலம் 27 மீட்டர், ஒரு பட்டை 0.4 ஹெக்டேர். 1.2 ஹெக்டேர் புல்லில் 3 டன், 2 ஹெக்டேர் பயிரின் தட்டையிலும் சக்கையிலும் 4 டன், வாய்க்கால் புல்லும் மரத்தழையும் ஒரு டன் என 8 டன் தேறும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புல்பட்டையைப் பயிருக்கும், பயிர்ப்பட்டையைப் புல்லுக்கும் மாற்றுங்கள். புல்லும் பயறுவகைத் தீவனமும் கலந்து மூன்று ஆண்டு இருந்த மண், அடுத்து வரும் பயிருக்கு உரத்தைவிடப் பெரிய உதவி.

புல்பட்டைகளைக் கூறுகளாகப் பிரித்து மாட்டை மாற்றி மாற்றி மேயவிடுங்கள், ஒரு கூறுக்கு இரண்டு மூன்று நாள்தான். பிறகு 25 முதல் 40 நாள் ஓய்வு, வறண்ட மாதங்களில் இன்னும் நீளம். நாள்காட்டியைப் பார்த்து மாட்டை உள்ளே விடாதீர்கள், புல்லின் உயரத்தைப் பாருங்கள். மேய்ந்த புல் 8 முதல் 10 செ.மீ.க்குக் கீழே போனால் வேர் சுருங்கும். களிமண் ஈரமாக இருக்கும்போது மாட்டை வெளியே எடுத்துக் கொட்டகையில் தீவனம் போடுங்கள். குளம்பு பதிந்து இறுகிய களியை உழவு எளிதில் திறக்காது.

குட்டைக்குள் மாடு இறங்கவே கூடாது. கரை சரியும், சாணத்தால் நீர் பச்சை கட்டும். குட்டையைச் சுற்றி வேலி, கீழே ஒரு தொட்டி, மிதவை வால்வு. மேலே சொன்ன குழாயிலிருந்தே கிளை எடுக்கலாம். மட்டம் குழாய்க்குக் கீழே போன பிறகு ஒரு சிறு பம்ப் போதும்.

மேட்டுநிலம் எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு மாடு என்றே வைத்துக்கொள்கிறோம். மரத்தைப் பற்றியும் பாதையைப் பற்றியும் இன்னும் தெளிவு வேண்டும். வரப்பை ஒட்டி மரம் வைத்தால் பயிர் விளைச்சல் எவ்வளவு குறையும்? மேற்குப் பக்கத்துக் காற்று பலமாக அடிக்கிறது, அங்கே அடர்த்தியாக ஒரு மரச்சுவர் எழுப்பலாமா?

ஆணிவேர் எழுதியது:

சுவர் எழுப்பாதீர்கள். அடைத்த சுவரைத் தாண்டும் காற்று மறுபக்கம் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். 40 முதல் 50 சதவீதம் காற்று ஊடுருவும்படி மரமும் புதருமாக இரண்டு மூன்று வரிசை போதும். 10 மீட்டர் உயர்ந்த வரிசை 100 மீட்டர் தூரம் நன்றாகக் காக்கும், 200 மீட்டர் வரை ஓரளவு காக்கும். நடுவில் வாசலுக்காக இடைவெளி விட்டால் காற்று அந்த வழியாகக் குவிந்து பாயும். வாசலைச் சாய்வாகத் திருப்புங்கள், அல்லது எதிரே தனியாக நாலு மரம் வையுங்கள். பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் வேறிடம் தேட வேண்டாம், இந்த வரிசையே அது. வெவ்வேறு மாதத்தில் பூக்கும் புதர்களைக் கலந்து நடுங்கள். ஓரப் புல்லை ஆண்டுக்குப் பாதி மட்டும் வெட்டி, மறுபாதியை அடுத்த ஆண்டுக்கு விடுங்கள். விழுந்த கட்டையை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டாம்.

வரப்பு மரங்கள் வரப்பின் கீழ்ப்பக்க ஓரத்தில், 5 மீட்டருக்கு ஒன்று. 7 வரப்பில் வாசலும் வாய்க்கால் முனையும் கழித்தால் சுமார் 200 மரம் வரும். வரப்பின் தலையில் வெட்டிவேர் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒற்றை வரிசையாக. அது நேரே கீழே இறங்கும் வேர், பக்கத்துப் பயிரோடு அதிகம் சண்டை போடாது.

குட்டைக் கரையில் மரம் கூடவே கூடாது. உயிரோடு இருக்கும்போது வேர் ஈரத்தைத் தேடிக் கரைக்குள் புகும். மரம் செத்ததும் அந்த வேர் அழுகிக் குழாய் போல வழி விடும், கரை உள்ளிருந்தே அரிக்கும். கரை மேல் புல் மட்டும். மரம் வேண்டுமென்றால் கரையின் அடியிலிருந்து குறைந்தது அந்த மரம் வளரப்போகும் உயரத்தளவு தள்ளி வையுங்கள்.

விளைச்சல் கேள்விக்கு வருகிறேன். மரத்தை ஒட்டிய சில மீட்டரில் பயிர் குறையத்தான் செய்யும், அதை மறைப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியது நிலச் சமன் விகிதம். தனியாகப் பயிரிட்டால் வரும் விளைச்சலில் கலப்பில் 0.8 பங்கு கிடைக்கிறது, தனி மரத்தோப்பின் விளைச்சலில் 0.5 பங்கு கிடைக்கிறது என்றால், கூட்டினால் 1.3. அதாவது இரண்டையும் பிரித்து இதே அளவு எடுக்க உங்களுக்கு 1.3 மடங்கு நிலம் வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் அந்தக் கலப்பு தோல்வி, மரத்தை மாற்றுங்கள்.

சண்டையைக் குறைக்க இரண்டு வேலை. மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, பயிர்ப் பக்கம், 50 முதல் 60 செ.மீ. ஆழத்தில் ஆண்டுக்கு ஒரு முறை ஆழக்கீறிக் கலப்பை ஓட்டி வேரை அறுங்கள். இதை நட்ட முதல் ஆண்டிலேயே தொடங்கினால் வேர் கீழ்நோக்கிப் பழகும். ஏழெட்டு ஆண்டு விட்டுவிட்டுத் திடீரென்று அறுத்தால் பெரிய வேர்கள் போய் மரம் காற்றில் சாயும். இன்னொன்று கவாத்து. மரத்தின் உயரத்தில் அடி மூன்றில் ஒரு பங்கு வரை கிளையைக் கழித்துக்கொண்டே வாருங்கள், ஒரே தடவையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. கழித்த தழை தீவனம், மிச்சம் மூடாக்கு.

பட்டையின் அகலத்தைக் கருவியின் அகலத்தோடு பொருத்துவது பலருக்கும் விட்டுப்போகும் விஷயம். உங்கள் 27 மீட்டருக்கு 2.25 மீட்டர் விதைப்பான் சரியாக 12 முறை ஓடும். 2 மீட்டர் என்றால் பதின்மூன்றரை முறை. அந்த அரை ஓட்டம் ஒவ்வொரு பருவமும் களைக்காடாக நிற்கும், இல்லையென்றால் இரட்டை விதைப்பாகும். வரப்புகள் இயற்கைச் சரிவைப் பின்பற்றி வளைவதால் ஒன்றுக்கொன்று இணையாக வராது. நடு வரப்பை மட்டும் துல்லியமாக வைத்து, மற்றவற்றை அதற்கு இணையாக இழுத்து, வாட்டம் 0.2க்கும் 0.4க்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள்.

மாடு நுழையும் பட்டையில் ஒவ்வொரு கன்றுக்கும் கூண்டு வேண்டும், 1.8 மீட்டர் உயரம். நுனி மாட்டின் நாக்குக்கு எட்டாத வரை கூண்டை எடுக்காதீர்கள். எடுத்த பிறகும் மரப்பட்டையில் மாடு உரசுகிறதா என்று கவனியுங்கள்.

வாய்க்கால் எழுதியது:

பாதையைப் பற்றி. வரப்பின் தலையில் பாதை வேண்டாம். நடக்க நடக்க அந்த இடம் பள்ளமாகும், பெருமழையில் நீர் அந்தப் பள்ளத்தைத்தான் முதலில் தாண்டும், அங்கேயே உடையும். வாய்க்காலுக்குள்ளும் வேண்டாம், மிதிபட்டுப் புல் போன கோடு அப்படியே அரிப்புக்கோடாகிவிடும். வாய்க்காலுக்கு வெளியே, எதிர்க்கரையை ஒட்டி 1.5 மீட்டர் அகலத்தில் கீழே இறக்குங்கள். வரப்புகள் இந்தப் பக்கமிருந்து வாய்க்காலில் சேர்வதால் பாதையை எந்த வரப்பு நீரும் குறுக்கிடாது. 3 சதவீதச் சரிவு சக்கர நாற்காலிக்கும் ஏற்றது, 5 சதவீதம் வரை சிரமமில்லை. பக்கவாட்டுச் சாய்வு 2 சதவீதம், வாய்க்கால் பக்கமாக. டிராக்டர் வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் பாலம் கட்ட வேண்டாம், 4 மீட்டர் அகலத்துக்குக் கல் பாவி, வாய்க்காலின் அதே மட்டத்தில் ஒரு தாழ்வான கடவு அமைத்தால் போதும். சிறு பாலத்தின் குழாய் சருகால் அடைபடும். அடைபட்டால் நீர் பாதைக்குத் திரும்பும்.

ஒரே இடத்தை இரண்டு பயனுக்கு விடுவது பெரும்பாலும் நேரத்தைப் பங்குபோடுவதுதான். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 2013இல் திறந்த பென்தம்ப்ளைன் நீர்ச்சதுக்கம் இதற்கு நல்ல உதாரணம். வெயில் நாளில் ஆடுகளமும் உட்காரும் படிகளும், பெருமழையில் 17 லட்சம் லிட்டர் வரை தேக்கும் மூன்று தொட்டிகள். மழை பெய்யும்போது யாருக்கு முன்னுரிமை என்பதில் அங்கே குழப்பமே இல்லை, தண்ணீருக்குத்தான். உங்கள் நிலத்திலும் ஒவ்வொரு கூறுக்கும் இதை எழுதி வையுங்கள். புல் வாய்க்கால் மழை மாதங்களில் நீருக்கு மட்டும், காய்ந்த பின் தீவனம் அறுக்க. புல்பட்டை மாடு நிற்கும் மூன்று நாள் மக்களுக்கு மூடியிருக்கும், ஓய்வு நாளில் குழந்தைகள் ஓடலாம். மருந்து தெளிக்கும் நாளில் பாதை மூடப்படும், அதற்கு ஒரு பலகையும், அதை மாட்டும் பொறுப்புக்கு ஒரு ஆளும் வேண்டும். ஆள் பெயர் எழுதாத வேலை எந்தத் திட்டத்திலும் நடப்பதில்லை.

அளவுகோல் எழுதியது:

வேலை தொடங்கும் முன் இரண்டு அளவை எடுத்து வைத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் பாதி இறக்கி, 440 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது 25 மி.மீ. மழைக்குச் சமம். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும், இரண்டாவது ஊற்று உறிஞ்சும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு 25 மி.மீ.க்கு மேற்பட்ட மழை ஓடத்தான் செய்யும். வெடிப்பின் மேல் வளையம் வைத்தால் அளவு பொய்யாகும், ஈரமான பருவத்தில் எடுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று இடம், ஆண்டுதோறும் அதே மாதம்.

இன்னொன்று, 20 செ.மீ. நீள அகல ஆழத்தில் ஒரு கட்டி மண்ணை வெட்டி எடுத்து மண்புழுவை எண்ணுவது. புல்பட்டையில் எண்ணிக்கை ஏறி, மாட்டுத் தொட்டியைச் சுற்றி இறங்கினால், தொட்டியை நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. தொட்டிக்கு ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று இடத்தில் குழாய் முனை விட்டு வையுங்கள்.